ஊஞ்சக்காட்டுப் பிரசவ ஆஸ்பத்திரி ஓப்பன் ஆன விதம்

கிட்ட வந்து உட்காருங்கள் சாமிகளா. ஈரத் தலையோடு இருக்கிறவர்கள் துவட்டிக்கொண்டே வாருங்கள், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். சிரிக்கவும் வைக்கிற, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் வைக்கிற கதை ஒன்று சொல்லப்போகிறேன். எந்த இடத்தில் சிரிப்பது என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கே தெரியும்.

நம் சேலத்துச் சீமையில் 'ஓப்பன்' என்கிற இங்கிலீஷ் சொல்லைத் தெரியாத ஆள் கிடையாது. மூலைக்கடை ஓப்பன் ஆகிவிட்டதா என்று கேட்டுத்தான் வெற்றிலைக்கு ஆள் அனுப்புவோம். லாரி டிரைவர் பானட்டை ஓப்பன் பண்ணுவார். மேட்டூர் டேம் ஓப்பன் என்றால் பள்ளிபாளையம் வரைக்கும் முகத்தில் சிரிப்பு வரும். பாங்கியில் கணக்கு ஓப்பன் பண்ணுவோம். வயிற்றில் கட்டி என்றால் டாக்டர் ஓப்பன் பண்ணிப் பார்ப்பார். மனசில் ஒளிவு வைக்காதவனை ஓப்பன் டைப் என்போம். இத்தனை அர்த்தமும் சனங்களுக்குத் தெரியும். சர்க்காருக்கு மட்டும் ஓர் அர்த்தந்தான் தெரியும். மந்திரி வரவேண்டும், கத்தரிக்கோல் எடுக்கவேண்டும், ரிப்பனை வெட்டவேண்டும். அதற்கு முன்னால் எது எவ்வளவு அகலமாகத் திறந்து கிடந்தாலும் அது ஓப்பன் இல்லை.

எடப்பாடியிலிருந்து தெற்கே போனால், ஆற்றைத் தாண்டியதும் ஊஞ்சக்காடு என்று ஓர் ஊர். எண்பதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டியது. வரைபடத்தில் பின்கதவு ஒன்று இருந்தது. காண்டிராக்டர் அது கெட்ட காற்று வருகிற வழி என்று சொல்லிச் சுவராகவே எழுப்பிவிட்டார். மற்றபடி குறை சொல்ல முடியாத கட்டடம். மாசியிலேயே சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. இரும்புக் கட்டில் வந்தது. ரப்பர் விரிப்பு வந்தது. தலைக்கு மேல் தொங்குகிற வட்ட விளக்கு வந்தது, கத்தரி வேகவைக்கிற பாத்திரம் வந்தது. வசந்தாமணி என்கிற நர்ஸம்மாவும் வந்தாள். மந்திரியின் தேதி மட்டும் வரவில்லை.

தேதி வரும் வரைக்கும் நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தாள். அவள் கைக்கு அடங்காத வயிறுகளைச் சேலத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஒருத்திக்குப் போகிற வழியிலேயே பிறந்துவிட்டது. அந்தப் பையனை இன்றைக்கும் டீசல் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை ஆராயிக்கு. கடலைக்காட்டில் களை எடுத்துக் குனிந்தே போன முதுகு அவளுக்கு. கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இந்த வேலையை வைத்துத்தான் ஒற்றை மகள் செல்லியம்மாளை ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். காலையில் பூட்டைத் திறப்பாள், யாரும் நடக்காத தரையைக் கூட்டுவாள், யாரும் படுக்காத கட்டிலைத் துடைப்பாள், பூட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், கட்டடத்துக்குப் பொறுப்பான வட்டார அதிகாரி பி.டி.ஓ.விடம் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, தெனமும் நாந்தான் தொறந்து கூட்டி மொழுவறேன். நர்ஸம்மாளும் இருக்கறாங்கோ. அப்பறம் எப்படீங்க இது ஓப்பன் ஆகாம இருக்குது?"

பி.டி.ஓ. கோபப்படவில்லை. படித்த மனிதர். "ஆராயி, நீ திறக்கிறது கதவை. அதை யார் வேணாலும் திறக்கலாம். அரசாங்கம் திறக்கப்போறது கட்டடத்தை. கதவு திறந்தால் உள்ளே காற்று வரும். கட்டடம் திறந்தால்தான் உள்ளே நோயாளி வரலாம். புரிஞ்சுதா?"

ஆராயிக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் வேலை நிலைக்காது என்பது புரிந்தது.

"புரிஞ்சுதுங்க" என்றாள்.

ஐப்பசியில், அடைமழைக்கு நடுவில், தேதி வந்தது. விழாக் குழுவுக்குத் தலைவர் சின்னண்ணன். போர்க்கிணறு தோண்டுகிற ரிக் வண்டி இரண்டு வைத்திருந்தார். ஊரில் எந்தக் குழு கூடினாலும் அவர்தான் தலைவர், கூடாவிட்டாலும் அவர்தான். மந்திரி ரிப்பன் வெட்டி உள்ளே நுழையும்போது கட்டிலில் ஒரு புள்ளத்தாச்சி படுத்திருக்க வேண்டும், மந்திரி அவள் கையில் ஆப்பிள் கொடுக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று குழுவில் முடிவாயிற்று. அவளுக்கு 'முதல் பயனாளி' என்று பட்டம். சின்னண்ணனின் அக்கா மகள் கண்ணாத்தாளுக்கு ஏழாம் மாசம். அவளையே பயனாளி ஆக்கினார்கள். குழந்தை பிறக்க இன்னும் நாள் கிடக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, "பொறக்கறதா முக்கியம்? போட்டோவுல வயிறு தெரியோணும்" என்றார் சின்னண்ணன்.

விழா அன்று விடியற்காலையில் செல்லியம்மாளுக்கு வலி கண்டது.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண். கட்டியவன் வடக்கே லோடு ஏற்றிப் போயிருந்தான். விழா நாளில் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாதென்று பக்கத்து வீட்டுப் பழனியம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு ஆராயி ஓடினாள். அவள் ரிப்பன் கட்டிய வாசலில் கோலம் போட்டு நிமிர்கிற நேரத்துக்கு, பழனியம்மாள் செல்லியை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். பெண்ணின் உதடு வெளுத்திருந்தது.

மேடைக்குப் பின்னால் படுதாவை மறைப்பாகக் கட்டி, ஜமுக்காளத்தில் கிடத்தி, நர்ஸம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"ஆராயி, பதறாமக் கேளு. கொழந்தை தலைகீழாத் திரும்பல. உக்காந்த வாக்குல இருக்குது. கீழ்ப்பக்கந்தான் முன்னால வருது. இது ஊட்ல வெச்சுப் பாக்கற பிரசவமில்ல. எனக்கு உள்ள இருக்கற கட்டில் வேணும், அந்த வெளிச்சம் வேணும், வேகவெச்ச சாமான் வேணும். அது இருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தீருவேன்."

"இல்லீன்னா?"

நர்ஸம்மா குனிந்து செல்லியின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"சேலத்துக்கு?"

"தரைப்பாலத்து மேல ஆளு ஒசரத் தண்ணி போகுது. விழாவுக்குன்னு வந்த டாக்டரும் மந்திரியை வரவேக்கறதுக்கு விடியக்காலமே அக்கரைக்குப் போய் அங்கயே நின்னுட்டாரு."

ஆராயி சாவிக்காக இடுப்பைத் தொட்டாள். இடுப்பில் சாவி இல்லை. காலையிலேயே பி.டி.ஓ. வாங்கிவிட்டார். மேடையில் ஒரு வெள்ளித் தட்டில் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் சாவியும் கத்தரிக்கோலும் படுத்திருந்தன. குடைபிடித்து ஓர் ஆள் காவல் நின்றான்.

இரண்டு பெண்களும் மேடையடிக்கு ஓடினார்கள். சின்னண்ணன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கா? வருசத்துல இத்தனை நாள் கெடக்குது, இன்னைக்குன்னு பாத்தா வலி வரோணும்?"

"நான் வரவெக்கலைங்க தலைவருங்க" என்றாள் ஆராயி.

பி.டி.ஓ. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "வசந்தாமணி, நீங்க அரசு ஊழியர். யோசிச்சுப் பேசணும். மந்திரி ரிப்பனை வெட்டி உள்ளே வர்றார். உள்ளே ஏற்கெனவே ஒருத்தி கத்திக்கிட்டு இருக்கா. அப்ப அவர் எதைத் திறந்து வைக்கிறார்? திறந்து வச்சது ஆராயி மகன்னு ஆயிடாதா? கல்வெட்டில் யார் பேரைப் பொறிக்கிறது?"

"கல்லுல யாரு பேரை வேணாலும் பொறிச்சுக்குங்க சார். அவளுக்கு நல்லாவே ஓப்பன் ஆயிருச்சு."

"யாரைக் கேட்டு ஓப்பன் பண்ணீங்க?"

நர்ஸம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது சாமிகளா. பிறகு அவள் படுதாவுக்குப் பின்னால் ஓடினாள், அங்கிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் அக்கரையில் கார்கள் வந்து நின்றன. மந்திரி இறங்கினார். நடுவில் வெள்ளம். அக்கரைப் பிரசார ஜீப்பில் ஒரு மைக் இருந்தது. இக்கரையில் ரங்கனின் சவுண்டு செட் இருந்தது. ரங்கன் ஊஞ்சக்காட்டுப் பையன்தான், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே செட்டைக் கட்டுகிறவன். இரண்டு மைக்கும் தண்ணீரின்மேல் ஒன்றையொன்று பார்த்துப் பேசத் தொடங்கின.

சின்னண்ணன் மைக்கைப் பிடித்தார். "அக்கரையிலே காட்சி தந்துகொண்டிருக்கும் ஏழைகளின் இதயத் துடிப்பு, எங்கள் பகுதியின் விடிவெள்ளி, மாண்புமிகு அமைச்சர் அவர்களின் பொற்பாதங்களை வணங்கி, இக்கரையிலே ஓர் அவசரம் என்பதை விழாக் குழுவின் சார்பிலே, என் சார்பிலே, ரிக் உரிமையாளர்கள் சங்கத்தின் சார்பிலே..."

படுதாவுக்குப் பின்னாலிருந்து செல்லி, "அம்மா!" என்று கூவினாள்.

அக்கரை மைக் பதில் சொன்னது. மந்திரியின் உதவியாளர் பேசினார். "உங்கள் அன்பை மாண்புமிகு அமைச்சர் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளம் வடியும் வரைக்கும் அமைச்சர் அவர்கள் உரையாற்றுவார்கள். வடிந்ததும் வந்து கட்டடத்தைத் திறந்து வைப்பார்கள்."

ஆராயி ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளம் எப்போது வடியும் என்று அந்த ஆற்றுக்கே தெரியாது.

நர்ஸம்மா திரும்ப ஓடிவந்து ரங்கனின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். "டாக்டர் சார்! கொழந்தை உக்காந்த வாக்குல வருது! கதவைத் தொறக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்க சார்!"

உதவியாளரின் குரல் அமைதியாக வந்தது. "மாண்புமிகு என்று தொடங்காத அறிவிப்புகளை ஏற்க இயலாது."

"மாண்புமிகு டாக்டர் சார்!"

"டாக்டர் மாண்புமிகு அல்ல. அமைச்சர் அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். குறுக்கிட வேண்டாம்."

உண்மையிலேயே தொடங்கிவிட்டார். நல்ல கணீரென்ற குரல். தண்ணீரைத் தாண்டி ஒவ்வோர் எழுத்தும் வந்து விழுந்தது.

"தாய்மார்களே! தாய்மையைப் போற்றுகிற அரசு இந்த அரசு. ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஒரு நிமிடம்கூடக் காக்க வைக்காத அரசு இந்த அரசு. இந்தக் கட்டடத்துக்கு நான் பலமுறை மனசுக்குள் தேதி குறித்தேன். பலமுறை அதை மாற்றினேன். ஏன் மாற்றினேன்? பிரசவம் பார்க்கிற இடத்தை நாள் பார்க்காமல் திறந்தால் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஆகுமா? அந்தப் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் அவர்களை நான் லாரியில் பிறக்கவிட்டேன்!"

அக்கரையில் கைதட்டினார்கள். தட்டலாமா என்று இக்கரைக்குத் தெரியவில்லை. பி.டி.ஓ. தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். தட்டுகிற சத்தத்தில் செல்லியின் குரல் கேட்கவில்லை. தட்டி முடித்த பிறகும் கேட்கவில்லை என்றதும் ஆராயி ஓடிப்போய்ப் பார்த்தாள். பெண் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தாள். நர்ஸம்மா நிமிராமலே சொன்னாள்.

"இன்னும் சித்த நேரந்தான் என்னால பிடிச்சு நிறுத்த முடியும்."

முன்வரிசையில் மல்லிகைப் பூவும் கண்ணாடி வளையலுமாக உட்காரவைத்திருந்த கண்ணாத்தாள் எழுந்தாள். மாமன்முறை என்பதால் சின்னண்ணனிடம் அவளுக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

"மாமா, நல்லாத்தான் இருக்குது உங்க விழா. நாளைக்கு எனக்கு வலி வந்தாலும் என்னை மண்ணுல போட்டுட்டு நீங்க மாலைக்குச் சரிகை பாத்துட்டு நிப்பீங்களாட்ட இருக்குது?"

"உக்காரு அம்மிணி, உனக்கென்ன? நீதான் முதல் பயனாளி."

"நான் ஏழாம் மாசம் மாமா. முதல்ல வந்தவ அங்க கெடக்கறா."

"அதெல்லாம் குழுவுல முடிவானது. உன்ற வயித்துல இருக்கறது இன்னைக்கு விழாக் குழுவோட புள்ள!"

"இதை எங்கூட்டுக்காரர் கேட்டா உங்களைச் சும்மா உடமாட்டாரு" என்றாள் கண்ணாத்தாள். கூட்டத்தில் பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. சின்னண்ணன் முகம் கறுத்துப்போய்த் துண்டை உதறினார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஆராயி மேடையேறிப் போய்க்கொண்டிருந்தாள். துடைப்பம் பிடித்து வருகிறவளை யாரும் எப்போதும் பார்ப்பதில்லை. குடை பிடித்தவனும் பார்க்கவில்லை. அவள் கை வெள்ளித் தட்டுக்கு நீண்டபோதுதான் பி.டி.ஓ. பார்த்தார்.

"ஆராயி! அந்தச் சாவியைத் தொட்டால் நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

கை ஒரு கணம் நின்றது. நிற்காமல் எப்படி இருக்கும்? அந்த வேலைதான் அவளுக்கு அரிசி, அந்த வேலைதான் மகளுக்குச் செய்த சீர், இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிற கடன். அக்கரையில் மந்திரி, "தாயின் கண்ணீரைத் துடைக்கிற கை எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பாத்துக்கறனுங்க" என்றாள் ஆராயி. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கதவு திறந்தது. கதவுக்குக் குறுக்கே மார்பு உயரத்தில் சிவப்பு ரிப்பன். பழனியம்மாளும் வண்டிக்காரரும் செல்லியை ஜமுக்காளத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்த பி.டி.ஓ.வுக்கு வேர்த்துக் கொட்டியது. பெண்ணைத் தடுக்க அவருக்கு நேரமில்லை. தடுக்க வேண்டிய விபத்து வேறாக இருந்தது.

"ரிப்பன்! ரிப்பன் அறுந்தால் கட்டடம் திறந்ததாக ஆயிடும்! தூக்குங்க! தூக்கிப் பிடிங்க!"

சின்னண்ணன் ஒரு பக்கம் பாய்ந்தார், பி.டி.ஓ. ஒரு பக்கம். பட்டுச் சட்டை போட்ட இரண்டு பெரிய மனிதர்களும் எக்கி நின்று ரிப்பனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். அதன் கீழே ஆராயியின் மகள் உள்ளே போனாள். ரிப்பன் அறுந்துபோகவில்லை. இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள்.

உள்ளே நர்ஸம்மா விளக்கைப் போட்டாள். வட்ட விளக்கு செங்கல் நிறத்தில் மினுமினுத்தது, வெளிச்சம் கீழே இறங்கவேயில்லை. மழை மூட்டத்தில் ஜன்னலும் இருட்டிக் கிடந்தது.

"கரண்டு பத்தலை!" என்று கத்தினாள். "எனக்குக் கை எது, கால் எதுன்னே தெரியல. யாரு இழுக்கறாங்க கரண்டை?"

ஆராயி வெளியே ஓடிவந்தாள். யார் இழுக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மேடைக்கு மேல், பந்தல் உயரத்துக்கு, சீரியல் விளக்கிலே மந்திரியின் உருவம் எரிந்துகொண்டிருந்தது. கை கூப்பும், பிரிக்கும். வாய் சிரிக்கும், மூடும். அத்தனை விளக்குக்கும் ஒயர் ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்துதான் போயிருந்தது.

"ரங்கா, சாமி, அந்த பொம்மையை நிறுத்துடா!"

ரங்கன் பி.டி.ஓ.வைப் பார்த்தான். பி.டி.ஓ. ரிப்பனைத் தூக்கிப் பிடித்தபடியே அதிர்ந்துபோனார். "மந்திரியை அணைக்கிறதா? அவர் அக்கரையிலிருந்து பார்த்துக்கிட்டு இருக்கார்! எந்த அதிகாரத்தில் அணைப்பாய்?"

"அணைச்சா என்னுங்க பண்ணுவாங்க?"

"இதுவரை யாரும் அணைச்சதில்லை. அதனால் என்ன பண்ணுவாங்கன்னு விதியில் இல்லை."

விதியில் இல்லை என்ற சொல் போதும் ரங்கனுக்கு. சுவரோரம் போய் ப்யூஸைப் பிடுங்கினான். மேடைக்கு மேலே முதலில் கை அணைந்தது, பிறகு சிரிப்பு அணைந்தது. உள்ளே வட்ட விளக்கு பளீரென்று பாலாகக் கொட்டியது.

ஆராயி கட்டிலோரம் நின்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே சவுண்டு செட்டும் அடங்கிவிட்டது. ஆற்றைத் தாண்டி மந்திரியின் குரல் மட்டும் மெலிதாக வந்துகொண்டிருந்தது. குழந்தையின் இடுப்பும் காலும் முதலில் வந்தன, பிறகு முதுகு, பிறகு கை. தலை வரவில்லை. நர்ஸம்மாவின் நெற்றியில் நரம்பு புடைத்தது. "இப்ப முக்காதே கண்ணு... இரு... இரு... இப்ப!" என்றாள். வந்துவிட்டது. நீலம் பூத்துப்போய், துணி மாதிரித் துவண்டு வந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

நர்ஸம்மா வாயைத் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் சுண்டினாள். குழந்தை அசையவில்லை. வாசலில் ரிப்பனைப் பிடித்தபடி நின்ற சின்னண்ணனும் பி.டி.ஓ.வும் கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தார்கள். பார்க்காமல் அவர்களாலும் இருக்க முடியவில்லை. நர்ஸம்மா குனிந்து குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதினாள். மறுபடி ஊதினாள். செல்லி, "ஏம்மா சத்தமே இல்லை?" என்று கேட்டாள். ஆராயி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்புறம் அழுதான். தகரத்தைக் கிழித்த மாதிரி ஓர் அழுகை.

வெளியே நின்ற சனம் மொத்தமும் ஓவென்று கூவியது. பெண்கள் குலவை இட்டார்கள். துண்டுகள் பறந்தன. கண்ணாத்தாள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அக்கரையில் நின்ற மந்திரி, தம் பேச்சின் எந்த வரி இப்படி ஆட்டிவைத்தது என்று தெரியாமல் ஒருகணம் திகைத்தார். பிறகு எல்லா வரிக்குமாகச் சேர்த்துக் கை கூப்பினார். மழை பிடித்துக்கொண்டது. கார்கள் திரும்பிப் போயின.

மறுநாள் பி.டி.ஓ. நர்ஸம்மாவையும் ஆராயியையும் வரச்சொன்னார். இரவெல்லாம் யோசித்திருந்தார்.

"ரிப்பன் வெட்டப்படவில்லை. ஆகவே கட்டடம் திறக்கப்படவில்லை. திறக்காத கட்டடத்தில் பிரசவம் நடக்க வழியில்லை. ஆகவே நடக்கவில்லை."

நர்ஸம்மா ஆராயியின் மடியிலிருந்த குழந்தையைக் காட்டினாள். "அப்ப இது யாருங்க சார்?"

"அது விசாரணையில் இருக்கு."

ஆராயியை வேலையை விட்டு அனுப்பத்தான் அவருக்கு ஆசை. ஆனால் நடக்காத பிரசவத்துக்குக் கதவு திறந்தாள் என்று எப்படித் தண்டிப்பது? தண்டித்தால் நடந்ததாக ஆகிவிடும். அதனால் அவள் வேலையில் இருந்தாள், பேரன் பிறக்காமல் இருந்தான். பிறந்ததாகப் பதியவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிறக்காத பிள்ளைக்கு ஆராயி தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அவனும் பிறக்காமலே கொழுகொழுவென்று வளர்ந்தான்.

மார்கழியில் நல்ல காரியம் ஆகாது என்று விழா தைக்குத் தள்ளிப்போயிற்று. கட்டடத்தை மறுபடி பூட்டினார்கள். கண்ணாத்தாள் சேலத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றுக்கொண்டு, "இனி உங்க விழாப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டாள். குழுவுக்கு முதல் பயனாளி இல்லை. சின்னண்ணனும் பி.டி.ஓ.வும் ஆராயியின் குடிசைக்கு வந்தார்கள்.

"உன்ற பேரன் தையில நடக்கப்போற விழா அன்னைக்குத்தான் பொறந்தான்" என்றார் சின்னண்ணன். "அன்னைக்கே பதிஞ்சிரலாம். உன்ற வேலையும் நெலைச்சுப்போகும்."

"மாற்றிச் சொன்னால் இரண்டும் இல்லை" என்றார் பி.டி.ஓ.

ஆராயி தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

தை பிறந்தது, மந்திரி வந்தார். ஆறு வடிந்திருந்தது. ரிப்பனை வெட்டினார், பேசினார், பொன்னாடைகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். கட்டிலில் செல்லி படுத்திருந்தாள். மூக்கு வரைக்கும் துணி சுற்றிய குழந்தை பக்கத்தில் கிடந்தது. நர்ஸம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்போது பிறந்தது?" என்று மந்திரி கேட்டார்.

"தாங்கள் ரிப்பனை வெட்டிய அதே நொடியில், ஐயா" என்றார் பி.டி.ஓ.

துணி விலகியது. பையன் மந்திரியைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான்.

"சிரிக்குதே!"

"தங்களைக் கண்ட மகிழ்ச்சி, ஐயா."

தூக்கினார்கள். தலை ஆடாமல் நின்றது.

"கழுத்து நிக்குதே!"

"தங்கள் ஆட்சியில் எல்லாக் கழுத்தும் நிமிர்ந்துதான் நிற்கும், ஐயா."

மந்திரி அப்படியொன்றும் மண்டு இல்லை. வீட்டில் அவருக்கும் பிள்ளைகள் உண்டு. சுற்றி நின்றவர்களை விட்டுவிட்டு, மூலையில் துடைப்பத்தோடு நின்ற ஆராயியிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. இது எப்போ பொறந்தது?"

 பி.டி.ஓ.வின் கண் அவள்மேல் ஊசி மாதிரிக் குத்தியது. இன்றைக்கு என்று ஒரு சொல் சொன்னால் வேலை நிலைக்கும், பேரனுக்குப் பிறப்பும் கிடைக்கும். ஆராயி வாயைத் திறந்தாள். கட்டிலைப் பார்த்தாள். மகள் தலைப்பைக் கடித்துக் கிடந்ததும், அழாமல் கிடந்த அந்த நீல உடம்பும் கண்ணில் வந்தன. அந்த நாளை நடக்கவில்லை என்று சொல்ல அவள் வாய்க்கு வரவில்லை.

"ஐப்பசியிலீங்க சாமி. ஆத்துல வெள்ளம் போச்சுங்களே, அன்னைக்கு. நீங்க அக்கரையில நின்னு பேசீட்டு இருந்தீங்க, இங்க இந்தக் கட்டில்ல பொறந்துருச்சு. உங்களுக்காகப் பொறுத்துப் பாத்தோமுங்க. அவன் பொறுக்கல."

மந்திரியின் முகம் இருண்டது. பி.டி.ஓ. கண்ணை மூடிக்கொண்டார். சின்னண்ணன் வாசலைப் பார்த்தார். 

பிறகு மந்திரியின் முகத்தில் ஓர் ஓரத்திலிருந்து வெளிச்சம் கிளம்பியது.

"நான் பேசிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"ஆமாங்க."

"ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்னு நான் பேசினேன், இந்தப் பக்கம் குழந்தை பிறந்தது. அப்படீன்னா நான் அன்னைக்கே இதைத் திறந்துட்டேன்!"

பி.டி.ஓ. கண்ணைத் திறந்தார். "அதைத் தங்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்றுதான் ஐயா நாங்கள் சொல்லாமல் இருந்தோம்."

அன்றைக்கே பழைய கல்வெட்டைப் பெயர்த்துவிட்டுப் புதியதுக்கு ஆள் சொன்னார்கள். ஐப்பசித் தேதியே கல்லில் ஏறியது. பையனும் அதே தேதியில் பிறந்ததாகப் பதிவானான். ஆராயியை வேலையை விட்டு எடுக்க அதற்குப் பிறகு யாருக்கும் துணிவில்லை. மந்திரி அக்கரையிலிருந்து கட்டடம் திறந்ததைக் கண்ணால் பார்த்ததாக மந்திரியிடமே சொன்ன சாட்சி அவள் ஒருத்திதானே.

மந்திரிக்கும் அந்த வித்தை பிடித்துப்போயிற்று. பிறகு அவர் வெள்ளம் இல்லாத ஊர்களில்கூட எட்டத்தில் நின்றே பேசினார். சங்ககிரி மலையடியில் ஒருநாள் மேடை போட்டு நின்று, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்த பள்ளிக்கூடங்களையும் பாலங்களையும் ஒரே மூச்சில் திறந்து வைத்தார். அவற்றில் சிலவற்றை அப்போது கட்டத் தொடங்கியிருக்கவில்லை என்று பிறகு தெரியவந்தது.

சரி சாமிகளா, பொழுதாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சுகமாகப் பிரசவம் ஆகட்டும். உங்கள் தூளிகள் காலியாகக் கிடக்காமல் ஆடட்டும். உங்கள் அடுப்பில் நாளைக்கும் நாளை மறுநாளும் உலை கொதிக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு எந்த நேரத்தில் வலி கண்டாலும், வாசலை மறித்துக்கொண்டு ஒருவரும் பேசாதிருக்கட்டும்.